அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நிறைவு விகிதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்பதாம் வகுப்பில் சேர்பவர்களுள் நூற்றுக்கு எத்தனை பேர் நான்கே ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சான்றிதழ் பெறுகிறார்கள் என்பதே நிறைவு விகிதம். 1900இல் அந்நாட்டின் பதினேழு வயதினரில் நூற்றுக்கு ஆறு பேர்தான் இப்படிப்பை முடித்தனர். 1910க்குப் பின் மத்திய மேற்கு மாநிலங்களின் சிற்றூர்கள்கூடத் தம் வரிப்பணத்தில் இலவச உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தன. 1930களின் பெருமந்தத்தில் சிறுவர்களுக்கு வேலை கிடைக்காமற்போனது இவ்விகிதம் உயர்ந்ததற்கு இன்னொரு காரணம். போக வேறிடமின்றிப் பள்ளியிலேயே தங்கியவர்கள் பலர். 1940இல் ஏறக்குறையப் பாதிப் பேர் முடித்தனர்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பை நடுவண் அரசு ஏற்றது, குடியரசுத் தலைவர் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டத்தோடுதான். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த ‘அப்வர்ட் பவுண்ட்’ அவர்களைக் கோடை விடுமுறையில் கல்லூரி வளாகத்திலேயே தங்கிப் படிக்கவைத்தது. 1965இலும் 1968இலும் மேலும் இரண்டு திட்டங்கள் சேர, மூன்றுக்கும் ‘ட்ரையோ’ என்று பெயராயிற்று. பிறகு எண்ணிக்கை மூன்றைத் தாண்டியும் பெயர் மட்டும் மாறவில்லை.

1980இல் சான் டியாகோவின் கிளேர்மான்ட் பள்ளியில் மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற ஆங்கில ஆசிரியை வேறு வழியில் போனார். நிறப் பிரிவினையை நீக்கும் நீதிமன்ற ஆணையால் அப்பள்ளிக்கு வந்த ஏழை மாணவர்களை அவர் எளிய பாடங்களுக்கு ஒதுக்கவில்லை. கல்லூரி நோக்கிய கடினமான வகுப்புகளிலேயே உட்காரவைத்து, குறிப்பெடுக்கவும் ஐயம் தீர்க்கவும் தனிப் பாடவேளை தந்தார். ‘அவிட்’ என்ற பெயரில் இம்முறை நாடெங்கும் பரவியது.

இவ்வளவுக்கும் பிறகு, எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இருக்கவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோதான சூத்திரத்தை வைத்திருந்தது. நடுவில் நின்றவர்களை விட்டுவிட்டு எண்ணினால் எந்தப் பள்ளியும் நல்ல பள்ளியாகத்தான் தெரியும். நாட்டில் இடைநிற்போரில் ஏறத்தாழப் பாதிப் பேர் சுமார் 2,000 பள்ளிகளிலிருந்தே வருகிறார்கள் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் காட்டினர். மறு ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வொன்று, ஒன்பதாம் வகுப்பைத் தடுமாறாமல் கடந்தவர்கள் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது. எங்கே, எந்த வகுப்பில் கைகொடுக்க வேண்டும் என்பது இந்த இரண்டு ஆய்வுகளால் தெளிவாயிற்று. 2008இல் நடுவண் கல்வித்துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரே சூத்திரத்தை விதித்தது. அதன்படி, வேறு பள்ளிக்குப் போனதற்கு எழுத்துச் சான்று இல்லாதவரைக் கணக்கிலிருந்து நீக்க முடியாது.

இப்புதிய கணக்கின்படி 2010-11இல் 79 விழுக்காடாக இருந்த விகிதம் 2019-20இல் 87 ஆனது. இந்த உயர்வு முழுவதும் கற்றலின் உயர்வு அன்று. தோற்ற பாடத்தைக் கணினிவழிக் குறுகிய காலத்தில் முடித்து ஈடுகட்டும் வழக்கம் பல இடங்களில் பெருகியிருந்தது. 2017இல் வாஷிங்டன் நகரப் பள்ளிகள் வழங்கிய சான்றிதழ்களில் மூன்றில் ஒரு பங்கு விதிகளை மீறித் தரப்பட்டவை என்று மறு ஆண்டு நடந்த தணிக்கை கண்டறிந்தது. பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேர்பவர்களின் பங்கோ 2010இல் 68 விழுக்காடாக இருந்து 2021இல் 62 ஆகக் குறைந்தது.