அர்த்தமும் சமன்பாடும்

எஸ். எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். எந்த நேர் முழு எண்ணையும் 73 ஆறாம் படிகளுக்கு மேல் போகாமல் அவற்றின் கூட்டாக எழுதிவிடலாம் என்று 1940இல் நிறுவியவர். அந்த ஆராய்ச்சியின் அடியில் கிடக்கும் ஒரு சாதாரண விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எழுதும் விதங்கள் பல, எண் ஒன்று. இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும் என்றாலும் 23தான். இருபதும் மூன்றும் என்றாலும் 23தான். வேறுவேறாக எழுதப்பட்டவை எப்போது ஒன்றாகும் என்று கேட்பது அல்ஜீப்ராவின் வேலை.

இதே கேள்வி கம்ப்யூட்டர் மொழிகளுக்கும் வந்தது. 1960இல் வெளியான அல்கால் மொழியின் அறிக்கை, வாக்கிய அமைப்பைக் கறாரான சூத்திரங்களில் சொல்லிற்று; அர்த்தத்தை ஆங்கில உரைநடையில் விட்டுவிட்டது. உரை என்று வந்துவிட்டால் உரையாசிரியர்களின் சண்டையும் உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. 1971இல் டானா ஸ்காட்டும் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சியும் புரோகிராமின் அர்த்தமாக ஒரு கணித வஸ்துவையே கொடுத்தார்கள். முடிவின்றி ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கும் அங்கே இடமுண்டு: எந்தத் தகவலும் இல்லாத அடிமட்டப் புள்ளி. சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் உள்ள வெறும் வெளிக்கும் ஸ்தானம் இருப்பது போல. 1977இல் கோகன், தாட்சர், வாக்னர், ரைட் நால்வரும் இதை அல்ஜீப்ராவாக்கினார்கள். மொழியின் வடிவம் ஓர் அல்ஜீப்ரா, அர்த்தங்கள் இன்னொன்று. பின்னதைத் தேர்ந்துவிட்டால், பகுதிகளின் அர்த்தத்திலிருந்து முழுமையின் அர்த்தம் கூடிவரும்படி முன்னதிலிருந்து அதற்குப் போக ஒரே வழிதான்.

ஆகவே, சம அர்த்தமுள்ள ஒரு துண்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். கடலூரிலிருந்து புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் வரலாம். குறிஞ்சிப்பாடி, புவனகிரி வழியாகவும் வரலாம். சேருமிடம் மட்டுமே அர்த்தம் என்றால் இரண்டும் ஒன்று. வழியும் அர்த்தத்தில் சேரும் என்றால் ஒன்றல்ல.

நம் விமர்சகர்கள் பலர் பொழிப்புரையைக் கவிதைக்குச் சமமாக வைத்துவிடுகிறார்கள். சேருமிடத்தை மட்டும் பார்க்கிற வாசிப்பு இது. கணிதக்காரர்களிடம் இந்த அசட்டை இல்லை; எதைச் சமம் என்று கொள்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு கவிதையில் ஒரு சொல்லை மாற்றினால் எது குலைகிறது, எது குலையாமல் நிற்கிறது என்று சொல்ல முன்வராதவரை, உருவம் உள்ளடக்கம் என்ற நம்முடைய பழைய சண்டையில் இரு தரப்புக்கும் பேச விஷயமில்லை.