திரையில் இரண்டு மணிக்கூடுகள்: ஸ்கைரிம் விளையாட்டில் நேரம் பார்க்க ஒரு மொட்

இரவில் நித்திரை வராதவர்கள் எங்களிடையே நிறையப் பேர். எனக்கு அது 2009 இல் தொடங்கியது. சிலர் வானொலி கேட்பார்கள், சிலர் முற்றத்தில் நடப்பார்கள். நான் கணினியில் ஸ்கைரிம் விளையாடுவேன். பெத்தெஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 இல் வெளியிட்ட, வாளும் மந்திரமும் டிராகன்களும் நிறைந்த கற்பனை உலகம் அது. துவக்குச் சத்தம் கேட்கும் விளையாட்டுகள் எனக்குச் சரிவராது. இதில் துவக்கே இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. விளையாட்டு முழுத்திரையையும் எடுத்துக்கொள்வதால் விண்டோஸின் மணிக்கூடு மறைந்துவிடும். விளையாட்டுக்குள் இருக்கும் நேரத்தைப் பார்ப்பதென்றாலும் டி விசையை அழுத்தி, காத்திருப்புத் திரையைத் திறக்கவேண்டும். ஒருநாள் அம்மாவை விடிய 5 மணி பஸ்ஸுக்கு ஏற்றிவிட வேண்டியிருந்தது. திரையில் சூரியன் உதிப்பதை ரசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் யன்னலுக்கு வெளியேயும் விடிந்திருந்தது. அம்மா தனியே நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மணிக்கூடு மொட் ஒன்றைத் தேடினேன். மொட் என்பது விளையாட்டில் நாமே சேர்த்துக்கொள்ளும், ரசிகர்கள் செய்து இலவசமாகத் தரும் மேலதிக நிரல்.

முதலில் விளையாட்டின் நேரக்கணக்கைச் சொல்லவேண்டும். எங்களுடைய ஒரு நிமிடம் அங்கே 20 நிமிடம். இதை டைம்ஸ்கேல் என்கிறார்கள். அதன்படி எங்களுடைய 3 நிமிடத்தில் அங்கே ஒரு மணித்தியாலம் ஓடும், 72 நிமிடத்தில் ஒரு முழுநாள் முடியும். இதே வரிசையில் 2002 இல் வந்த மொரோவிண்டில் இந்த அளவு 30 ஆக இருந்தது. நாள்களுக்கும் மாதங்களுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. திங்கள் அங்கே மோர்ண்டாஸ், ஓகஸ்ட் அங்கே லாஸ்ட் சீட். கதை நான்காம் யுகம் 201 ஆம் ஆண்டு, லாஸ்ட் சீட் 17 இல் தொடங்குகிறது.

இந்த நேரம் வெறும் அலங்காரம் அல்ல. பெரும்பாலான கடைகள் காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டப்படும். கடைக்காரரின் காசும் சரக்கும் இரண்டு நாளில் புதுப்பிக்கப்படும். வெறுமையாக்கிய குகையில் மீண்டும் எதிரிகள் வர 30 நாள் ஆகலாம். இரத்தக்காட்டேரியாக மாறியவர் காலை 5 முதல் மாலை 7 வரை வெளியில் நின்றால் வலுவிழப்பார். ஆகவே நேரம் தெரியாமல் நடப்பவர் பூட்டிய கதவுகளைத்தான் அதிகம் பார்ப்பார்.

நான் பாவிப்பது ‘எ மேட்டர் ஒஃப் டைம்’ என்ற மொட். நெக்ஸஸ் மொட்ஸ் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து தரவிறக்கலாம். அதற்கு முன் இரண்டு பொருள்கள் தேவை: ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், ஸ்கை யூஐ. 2011 பதிப்புக்கும் 2016 இல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கும் கோப்புகள் வேறு வேறு. மாறி எடுத்தால் வேலை செய்யாது. நிறுவிய பின் ஸ்டீமில் வழமையான பொத்தானை அழுத்தாமல் எக்ஸ்டெண்டரின் சொந்தத் தொடக்கியால் விளையாட்டைத் திறக்கவேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், நானும் இரண்டு இரவைத் தொலைத்தேன். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்டெண்டர் இல்லாததால் இந்த மொட்டும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. விளையாட்டு இற்றைப்படுத்தப்பட்டால் பழைய எக்ஸ்டெண்டர் நின்றுவிடும். 2021 நவம்பர் இற்றைப்படுத்தலின்போது பலருடைய மொட்கள் ஒரே நாளில் செயலிழந்தன. ஸ்டீமில் தானாக இற்றைப்படுத்துவதைத் தள்ளிவைப்பது நல்லது. நடுவில் மொட்டை அகற்றினால் அதன் நிரல் சேமிப்புக் கோப்பில் தங்கிவிடலாம், எனவே பழைய சேமிப்பின் பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

இனி அமைப்புகள். ஸ்கை யூஐ தரும் மொட் பட்டியலுக்குள் போனால் மணிக்கூடு திரையில் எங்கே நிற்கவேண்டும், எந்த நிறம், என்ன அளவு என்பதை மாற்றலாம். விளையாட்டு நேரம், உண்மை நேரம் இரண்டையும் காட்டச் செய்யலாம். பெரும்பாலானவர்கள் விளையாட்டு நேரத்தை மட்டும் வைப்பார்கள். அது போதாது என்பது என் அனுபவம். காத்திருப்பு, நித்திரை, துரிதப் பயணம் மூன்றும் விளையாட்டு நேரத்தைத் தாவவைக்கும், பையைத் திறந்தால் அது நின்றுவிடும். அங்கே பத்து நாள் கழிந்தது என்பதை வைத்து, இங்கே எத்தனை மணித்தியாலம் கதிரையில் இருந்தோம் என்று சொல்லமுடியாது.

இரண்டு நேரத்தோடு வாழ்வது எங்களுக்குப் புதிதல்ல. 1996 இல் அரசாங்கம் மணிக்கூட்டை மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளியது. வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் கூட்டவேண்டும். அப்பாவின் கிளினிக் துண்டில் 9 மணி என்றிருந்தது. அவர் தன் கைக்கடிகாரத்தில் 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே 9.30, இலக்கம் கொடுத்து முடிந்துவிட்டது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் மறுபடி பழைய நேரத்துக்கு வந்தது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் நேரம் சொன்னால், எந்த நேரம் என்று கேட்பதுதான் வழக்கம்.

அதனால் இரண்டையும் வைத்திருக்கிறேன். விளையாட்டு நேரம் மேல் மூலையில், மங்கலான வெள்ளையில். உண்மை நேரம் கீழே, பச்சையில், பெரிதாக. டைம்ஸ்கேலையும் 10 ஆகக் குறைத்தேன், ஒருநாள் 144 நிமிடம் நீளும். மிகவும் கீழே, 1 வரை இறக்கவேண்டாம், பாத்திரங்களின் நாளாந்த நடமாட்டம் குழம்பும்.

போன கிழமை அம்மா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

“இதில எது பழைய நேரம்?” என்று கேட்டார்.

மேலே இருப்பது விளையாட்டு, கீழே பச்சையில் இருப்பதுதான் வீட்டு நேரம் என்றேன்.

“அப்ப பத்தரை ஆச்சு. நிப்பாட்டிப்போட்டு வந்து சாப்பிடு.”