முருக்கு: நூல் வழக்கும் மலை வழக்கும்

முருக்கு என்னும் பெயர் பழைய நூல்களில் ஒரு மரத்திற்கே உரித்தாய் நின்றதென்று கொள்ளுதல் இடர்ப்பாடுடைத்து. உ. வே. சாமிநாதையரவர்கள் 1937 இல் வெளியிட்ட குறுந்தொகையின் 156 ஆம் செய்யுளில், பார்ப்பன இளைஞன் கைக்கொண்ட தண்டு நார் களைந்த முருக்கங்கோலாகக் கூறப்படுகின்றது. பிரமசாரிக்குப் பலாசத் தண்டு விதிக்கப்பட்டமையின், ஈண்டு முருக்கென்றது புரசினையேயாம். அவர்களே 1894 இல் பதிப்பித்த புறநானூற்றின் 169 ஆம் பாட்டிலோ, கோச இளைஞர் படை எறிந்து பழகும் இலக்காக முருக்கின் பெருந்தூண் நிற்கின்றது. எறிந்த படை தைத்து நிற்றற்கு மெல்லிய மரமே வேண்டும். புரசின் அடிமரம் பெரும்பாலும் கோணலுடையது. கல்யாண முருங்கை யென்றும் முள்முருக்கென்றும் வழங்குவதோ நேரிதாய்ப் பருத்து, வயிரமின்றி நெகிழ்ந்திருப்பது. ஆதலின் இவ்விரண்டிடத்தும் ஒரு பொருளே உரைத்துச் செல்லுதல் பொருந்தாது. மூவிலைக் கொத்தும் செந்நிறப் பூவும் இரண்டற்கும் ஒத்தலானே பெயர் மயங்கிற்றென்க. சேவற்கொண்டைக்கு உவமையாகிய கவிரும் முள்முருக்கே.

இம்மரத்தின் இயல்பை ஏடுகளினும் மலைச்சரிவே தெளிவுறக் காட்டும். ஏலக்காய் வாணிகத்தாற் பெயர்பெற்ற போடிநாயக்கனூர்க்கு மேற்கே எழும் ஏலமலைத் தொடரில், மிளகுக்கொடி படர்தற்கு முள்முருக்கு நடுதல் வழக்கு. பங்குனி சித்திரையில் கொம்புகளை வெட்டி நிழலிற் சார்த்தி வைப்பர். அவை அங்ஙனமே தளிர்க்கும். தென்மேற்கு மழை தொடங்கியவுடன் குழியில் நட்டால் வேரூன்றும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. கழித்த தழை எருவும் தீவனமுமாம். ஏலத்திற்கு நிழல்மரமாக இது சிறந்ததன்று. நிழல் மிக வேண்டிய கோடையிலேயே இலையுதிர்த்துப் பூத்து நிற்கும்.

வெட்டிய கொம்பு வேர்கொள்ளும் இவ்வியல்பே மணப்பந்தரிலும் இதற்கு இடந்தந்தது. யாழ்ப்பாணத்துச் சைவர் திருமணத்தில் முள்முருக்கங் கொம்பு நட்டு நீர் வார்த்தல் இன்றும் உண்டு. அது தழைத்தலை மங்கலமாகக் கொள்வர். கல்யாண முருங்கை யென்னும் பெயர்க்கு வேறு காரணந் தேடுதல் வேண்டா. நீத்தல் விண்ணப்பத்தில் மணிவாசகப் பெருமான், பற்றுதற்குக் கொம்பில்லாத கொடியின் அலமரலைத் தம் நிலைக்கு உவமையாக்கினர். நட்ட கொம்பு பட்டுப்போகக் கொடி தரையிற் சரிந்து கிடப்பதைக் கண்டார்க்கு அவ்வுவமையின் துயரம் விளங்கும்.

அத்துயரம் இந்நூற்றாண்டிலே மெய்யாகவே நேர்ந்தது. முருக்கின் தளிரையும் இலைக்காம்பையும் துளைத்து முட்டையிட்டுக் கழலைகளாக வீங்கச் செய்யும் நுண்ணிய குளவியொன்றை 2004 இல் அறிஞர் புதிய இனமாக விவரித்தனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது கேரளத்து மிளகுத் தோட்டங்களிற் பரவி, முருக்குகள் இலையிழந்து பட்டன; அவற்றைப் பற்றிய கொடிகளும் வீழ்ந்தன. உழவர் பலர் சில்வர் ஓக் மரத்தை நாடினர். அது நேராக ஓங்குவதாயினும் விதையிட்டு நாற்றாக வளர்க்கப்படுவது. முருக்கங்கொம்பு போல வெட்டி நட்டுக் கொடியேற்றுதற்கு ஆகாது. நாற்று மரமாகுந்துணையும் மிளகு காத்திருத்தல் வேண்டும்.