நூற்றுக்கு ஐந்து

பழைய வீட்டை மலிவாக வாங்கு, செப்பனிடு, வாடகையை உயர்த்து, அடுத்த வீட்டைத் தேடு. இன்றைய முதலீட்டு வழிகாட்டி நூல்கள் இந்தச் சூத்திரத்தை நேற்றுக் கண்டுபிடித்தது போல் எடுத்துரைக்கின்றன. இதில் ஒரு வரியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்த பெண்மணி ஒருவர் 19ஆம் நூற்றாண்டு லண்டனில் வாழ்ந்தார். அவர் பெயர் ஆக்டேவியா ஹில்.

1838இல் பிறந்த ஆக்டேவியாவின் இளமை வறுமையில் கழிந்தது. தந்தை வியாபாரத்தில் நொடித்துப் போனார். தாய்வழிப் பாட்டனார் சவுத்வுட் ஸ்மித் மருத்துவர். நகரச் சுகாதாரத்துக்காகப் போராடியவர். ஏழைகளின் குடியிருப்புக்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பேத்தி வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார். பிழைப்புக்காகக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினிடம் ஓவியங்களைப் பிரதியெடுக்கும் வேலை பார்த்தார்.

1864இல் ரஸ்கினின் தந்தை மறைந்தார். ஒயின் வணிகரான அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் மகனிடம் வந்தது. அதிலிருந்து 750 பவுண்டு செலவிட்டு, மேரில்போன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்னும் சந்தில் மூன்று வீடுகளின் 56 ஆண்டுக் குத்தகை உரிமையை 1865இல் ரஸ்கின் வாங்கினார். நிர்வாகம் 26 வயது ஆக்டேவியாவின் கைக்கு வந்தது. ரஸ்கின் சொன்ன யோசனை ஒன்றுதான்: முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்க வேண்டும்.

இது நமக்கு வியப்பளிக்கலாம். லாபத்தையே அறமாகக் கொண்ட பொருளாதாரத்தை எதிர்த்து ‘அன்டு திஸ் லாஸ்ட்’ எழுதியவர் ரஸ்கின். 1904இல் தென்னாப்பிரிக்க ரயில் பயணத்தில் அந்நூலைப் படித்த காந்தி, பின்னர் அதைக் குஜராத்தியில் ‘சர்வோதயம்’ என்று தழுவி எழுதியதை நாம் அறிவோம். அத்தகையவர் வட்டி கேட்டதற்குக் காரணம் இருந்தது. தர்மமாகச் செய்தால் அது ஒரு செல்வந்தரின் கொடையோடு நின்றுவிடும். நியாயமான வட்டி தரும் என்று நிரூபித்தால் பிறரும் பின்தொடர்வார்கள்.

பெயர்தான் சொர்க்கம். ஒவ்வொரு வீட்டிலும் ஆறு அறைகள்; பெரும்பாலும் அறைக்கொரு குடும்பம். நாம் ஒண்டுக்குடித்தனம் என்று சொல்வதை விடவும் நெருக்கமான வாழ்வு. ஆக்டேவியா எழுதிவைத்த குறிப்புகளின்படி, காரை பெயர்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகிய இடத்தில், மாடிப்படியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். படிகளின் கைப்பிடிக் கட்டைகளைக் குளிருக்கு விறகாக எரித்துவிட்டார்கள். துணி துவைக்கும் அறையை வீட்டுக்காரர் தமது தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டுப் பூட்டியிருந்தார். சன்னல்களில் ஒட்டியிருந்த கந்தலையும் காகிதத்தையும் கிழித்தபோது, 192 கண்ணாடிகளில் உடையாதவை 8 மட்டுமே.

முதலில் சாக்கடையைச் சீர்செய்தார். தண்ணீருக்குப் பெரிய தொட்டி வைத்தார். பிறகு கூரை, காரை, கணப்பு, கண்ணாடி என்று வேலை நகர்ந்தது. அறைகள் பெரும்பாலும் பழைய வாடகைக்கே விடப்பட்டன. பெரிய குடும்பங்கள் இரண்டு அறை எடுத்தால் வாடகையில் கணிசமான சலுகை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. உடைசல் குறைந்தால் மிச்சப் பணம் வீட்டின் மேம்பாட்டுக்குப் போகும். என்ன மேம்பாடு என்பதைக் குடியிருப்பவர்களே தேர்ந்தெடுக்கலாம். வேலையற்ற நாட்களில் பழுதுபார்க்கும் கூலியும் அவர்களுக்கே கிடைத்தது. கண்ணாடி உடையாமல் இருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்.

ஒன்றரை ஆண்டுக்குள் கணக்கு வெளிவந்தது. வரி, நில வாடகை, காப்பீடு, பழுதுபார்ப்பு அனைத்தும் போக 5 விழுக்காடு வட்டி தரப்பட்டது. முதலிலும் 48 பவுண்டு திருப்பித் தரப்பட்டது. 1874வாக்கில் அவர் பொறுப்பில் இருந்த குடியிருப்பாளர்கள் ஏறக்குறைய 3,000 பேர்.

அதே பகுதியில் வீடுகள் வைத்திருந்த ஒருவர் சவ அடக்கத் தொழில் செய்பவர். தாம் நம்பியிருப்பது வாடகையை அல்ல, அந்த வீடுகளில் நேரும் சாவுகளைத்தான் என்று அவர் கூசாமல் சொன்னதை ஆக்டேவியா பதிவு செய்திருக்கிறார். பழுதுபாராமையும் அன்று லாபம் தரும் தொழிலாகவே இருந்தது.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். வாடகை பாக்கியை ஆக்டேவியா பொறுப்பதில்லை. பணம் கட்டாதவர்களும் அவர் கண்ணில் ஒழுக்கம் தவறியவர்களும் தொடக்கத்திலேயே வெளியேற்றப்பட்டார்கள். வாரந்தோறும் வாடகை வாங்க வந்த பெண்மணிகள் தோழிகளாகவும் இருந்தார்கள், கண்காணிப்பாளர்களாகவும் இருந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு அவருடைய கணக்கேட்டில் பத்தி இல்லை. நகராட்சியே வீடு கட்டித் தருவதை அவர் இறுதிவரை எதிர்த்தார். ஆனால் லண்டன் கவுன்டி கவுன்சில் கட்டிய பவுண்டரி ஸ்ட்ரீட் குடியிருப்பு 1900இல் திறக்கப்பட்டது. வரலாறு அந்தத் திசையில் நடந்தது. ஐந்து விழுக்காடு வட்டியும் நல்லெண்ணமும் ஒரு மாநகரின் வறுமைக்குப் போதுமானவை அல்ல.

ஆயினும் அவரை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. செப்பனிடுதல் என்பது எல்லாக் காலத்திலும் ஒரே வேலைதான்: சாக்கடை, கூரை, கண்ணாடி. அந்த வேலையால் கூடும் மதிப்பு யாருக்குச் சேர வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. இன்றைய சூத்திரத்தில் அது முழுவதும் உடைமையாளருக்கு. பல நகரங்களில் செப்பனிடுதலே பழைய குடித்தனக்காரரை வெளியேற்றும் சாக்காகவும் ஆகிறது. ஆக்டேவியா உடைமையாளரின் பங்குக்கு 5 என்று கோடு கிழித்தார். அதற்கு மேல் வந்தது வீட்டுக்கும் அதில் வாழ்பவருக்கும் உரியது என்றார்.

அவர் 1912இல் மறைந்தார். பாரடைஸ் பிளேஸுக்கு இப்போது கார்பட் பிளேஸ் என்று பெயர்; அவர் நினைவாக ஒரு நீலப் பலகை அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது. மேரில்போன் இன்று லண்டனின் விலையுயர்ந்த பகுதிகளுள் ஒன்று. அவருடைய முதல் குடித்தனக்காரர்களைப் போன்றவர்கள் அங்கே வெளிச்சந்தை வாடகைக்கு ஓர் அறைகூட எடுக்க முடியாது.