கெட்ட பெயர் எடுத்த வாயு

வாகனப் புகையோடு வெளியேறிக் காற்றை மாசுபடுத்தும் நைட்ரிக் ஆக்ஸைடை நம் உடலே தயாரிக்கிறது என்று 1970களில் யாராவது கூறியிருந்தால் நகைத்திருப்பார்கள். அந்த எண்ணம் மாறிய வரலாற்றை அண்மையில் படித்தேன்.

1981இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டானன்பாம் என்பாரின் குழு, மனிதர் உண்ணும் நைட்ரேட்டைவிடச் சிறுநீரில் வெளியேறுவது அதிகம் என்று கண்டது. ஆய்வுக்கு உட்பட்டவர்களுள் ஒருவருக்கு இடையில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டன. அவருடைய அளவு மட்டும் பன்மடங்கு எகிறியது. கணக்கிற்கு ஒத்துவரவில்லை என்று அவரை ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை! (இந்த இடம்தான் ஓர் ஆசிரியராக என்னைக் கவர்ந்தது.) நோய்க்கும் நைட்ரேட்டுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி பிறந்தது. கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கி என்னும் வெள்ளை அணுக்களே அதன் ஊற்று என்பதை 1985இல் ஸ்டூரும் மார்லெட்டாவும் எலியணுக்களில் காட்டினர். அவை வெளியிடுவது நைட்ரிக் ஆக்ஸைடு என்பது சில ஆண்டுகளில் உறுதியாயிற்று.

இதே வாயு இரத்தக் குழாயைத் தளர்த்துவதைக் கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர். 1987இல் வலுவான சான்று தந்த மொன்காடாவின் பெயர் அதில் இல்லை. எனக்கு அது இன்றும் நெருடல்தான்.

இதில் கால்சியத்தின் பங்கு என்ன? கால்சியம் என்றாலே நமக்கு எலும்பும் பாலும்தான் நினைவுக்கு வரும். உயிரணுவுக்கோ அது ஒரு சமிக்ஞை. அணுவின் உள்ளே தனித்துத் திரியும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. கதவு திறந்து அது உள்ளே பாய்ந்தால் அணு விழித்துக்கொள்ளும். இரத்தக் குழாயின் உட்சுவரில் கால்சியம் ஏறினால் கால்மோடுலின் என்னும் புரதம் நொதியோடு இணைந்து வாயுவை உண்டாக்கும். கால்சியம் இறங்கினால் உற்பத்தி அடங்கும். அண்டையிலுள்ள தசையணுவிலோ இவ்வாயு கால்சியத்தைக் குறைத்துத் தசையைத் தளர்த்துகிறது. பெருவிழுங்கியின் நொதி வேறு வகை. கால்மோடுலின் அதனோடு இறுகப் பிணைந்தே இருப்பதால் அது கால்சியத்தின் ஏற்றத்திற்குக் காத்திருப்பதில்லை என்று 1992இல் தெரியவந்தது. ஆகவே, ஒருமுறை தொடங்கினால் வாயு மணிக்கணக்கில் பெருகும். அது கிருமியை மட்டுமா தாக்கும்? அருகிலுள்ள டி அணுக்கள் பெருகுவதற்குக் கால்சியச் சமிக்ஞை தேவை. வாயு மிகுந்தால் அப்பெருக்கமும் தடைப்படுகிறது.

கடுங்கிருமித் தொற்றில் இரத்த அழுத்தம் வீழ்வதற்கும் இந்த மிகை உற்பத்தி ஒரு காரணம். அப்படியானால் நொதியைத் தடுத்துவிட்டால் நோயாளி பிழைப்பார் அல்லவா? அந்த நம்பிக்கையில் 797 நோயாளிகளிடம் ஒரு மருந்தைச் சோதித்தனர். முடிவுகள் 2004இல் வெளிவந்தன. அழுத்தம் உயர்ந்தது உண்மை. ஆனால் 28 நாள்களுக்குள் இறந்தோர், மருந்து பெறாதவர்களில் 49 விழுக்காடு; பெற்றவர்களில் 59 விழுக்காடு. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.