குதிரையேறிய பெண்கள்: தென்பாண்டிச் சீமையிலிருந்து

தென்காசி மாவட்டத்துச் சிவகிரிப் பக்கம் குதிரையேறிய பெண்களைப் பற்றி எழுதப் புகுந்தால், முதலில் குதிரையின் விலையைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக்குக் குதிரை பெரும்பாலும் கடல் வழியே வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஏடன், ஓர்முசு முதலிய துறைகளின் குதிரைகள் காயலில் இறங்கியதை எழுதியிருக்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை என்பது அவர் சொன்ன காரணம். பொன்னைக் கொட்டி வாங்கிய அந்த விலங்கின்மேல் குடியானவர் வீட்டு ஆண்களே ஏறியிருக்க முடியாது. பெண் ஏறினாள் என்றால் பெரும்பாலும் அரண்மனைப் பெண்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள சிவகிரி ஒரு மறவர் பாளையம்; பின்னாளில் ஜமீன். அதே மறவர் சமூகத்தில், 1730இல் இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் பிறந்தவர் வேலு நாச்சியார். குதிரையேற்றம், சிலம்பம், வளரி வீச்சு எல்லாம் கற்றவர். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னரான கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் எட்டு ஆண்டுகள் தங்கிப் படை திரட்டினார். ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். கற்ற வித்தையைக் களத்தில் காட்டியவர் என்பதால்தான் அவர் பெயர் நிலைத்தது.

எளிய மக்களிடம் குதிரையேறும் அரசி வேறு வடிவில் வந்தாள். பொய்க்கால் குதிரையாட்டத்தில் ஆணும் பெண்ணும் ராஜா ராணியாக ஆடுகிறார்கள். குதிரைக்கூட்டை இடுப்பில் மாட்டி, மரக்காலில் நின்று, கடிவாளத்தை இழுத்தபடி சுழல வேண்டும். நையாண்டி மேளம் வேகமெடுக்கும்போது மரக்காலில் தடுமாறாமல் நிற்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

'ராவுத்தர்', 'குதிரைச் சேவகர்' என்று குதிரையேறும் ஆண்களுக்குப் பழைய பெயர்கள் உண்டு. 'குதிரையேற்ற வீராங்கனை' விளையாட்டுச் செய்திகள் பரப்பிய பெயர். வேலு நாச்சியாருக்கு வாய்த்த பட்டம் 'வீரமங்கை'.

ஒலிம்பிக்கில் டிரெசாஜ் என்னும் குதிரை நடைப் போட்டியில் பெண்களுக்கு 1952இல்தான் வழி பிறந்தது. ஹெல்சின்கியில் நடந்த அந்தப் போட்டியில், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குத் துணை தேவைப்பட்டது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023 செப்டம்பரில் இந்தியாவின் நால்வர் டிரெசாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த தங்கம் அது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் ஆகிய இரு பெண்களும் அந்த அணியில் இருந்தனர். திவ்யகிருதிக்கு 2023ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது.