கொடாக்குரோம்: பற்றும் உற்பத்தியும்

வழக்கொழிந்த படச்சுருள்கள்மீது ஒளிப்படக் கலைஞர் கொண்டுள்ள பற்றினை வெறும் பழமை மோகமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது என்பது எமது கருத்து. கொடாக்குரோமின் வரலாற்றை நோக்குவோம். இசைக் கலைஞர்களான லியோபோல்ட் மனெஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி இருவரும் கண்டறிந்த இச்சுருளை ஈஸ்ற்மன் கொடாக் நிறுவனம் 1935 இல் சந்தைப்படுத்தியது. பிற்கால வர்ணச் சுருள்கள் பலவற்றிற் போலன்றி, சாயத்தை உண்டாக்கும் இரசாயனங்கள் இதனுள் இல்லை. கழுவும்போதே அவை சேர்க்கப்பட்டன. இருளிற் பேணிய படங்கள் நெடுங்காலம் மங்காதிருந்தமைக்கும், வீட்டு இருட்டறையில் அதனைக் கழுவுதல் இயலாதிருந்தமைக்கும் பெரிதும் இதுவே காரணமாகும்.

ஆகவே, கலைஞன் விரும்பிய வர்ணம் அவன் கையிலன்றி ஆலையின் கையிலேயே இருந்தது. ஐக்கிய அமெரிக்காவிற் சுருளின் விலையோடு கழுவற் கூலியையும் சேர்த்தே கொடாக் அறவிட்டு வந்தது. 1954 ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே பிற நிலையங்களுக்கு வழி திறந்தது. 2009 இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த அந்நிறுவனம் இறுதிச் சுருளை ஸ்ரீவ் மக்கரியிடம் கையளித்தது. (கைவிட்டவரே மாலையும் சூட்டினர் போலும்!) கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் நகரில் எஞ்சியிருந்த ஒரேயொரு நிலையமும் 2010 டிசெம்பர் 30 வரையே சுருள்களை ஏற்றது. அதன்பின் அகப்படும் சுருள்களைப் பொதுவாகக் கறுப்பு வெள்ளையாகவே கழுவ முடிகிறது.